‘எறக்கிட்டேன்’ என்று நான் சொன்ன நாள்

வெடிச்சத்தம் கேட்டுத் தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். மச்சானின் கையிலிருந்த ஸ்குரூடிரைவரின் முனை உருகி, உலோகத்துளி ஒன்று ஆம்ப்ளிஃபையரின் இரும்புத் தட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. எதிரே நின்ற வாடிக்கையாளர் தன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே வாயைத் திறந்தபடி பார்த்தார். அவர் செய்தது ஒன்றுதான். ப்ளக்கைப் பிடுங்கி அரைமணி நேரமாகிவிட்டது, இனிமேல் என்ன பயம் என்று சொல்லிக்கொண்டே, திறந்து கிடந்த பெட்டிக்குள் விரலை நீட்டினார். மச்சான் பாய்ந்து அவர் கையைப் பிடித்து முறுக்கிச் சுவரில் சாய்த்தார். பிறகு ஸ்குரூடிரைவரை எடுத்து, பெட்டிக்குள் இருந்த பெரிய கண்டன்சரின் முனையையும் இரும்புத் தட்டையும் சேர்த்துத் தொட்டார். அப்போதுதான் அந்தச் சத்தம். “ப்ளக்க புடுங்கிட்டா செத்துடும்னு நெனச்சியா? இப்ப உன் வெரலா இருந்தா இன்னா ஆயிருக்கும்?” என்று கத்தினார். அந்த மனிதர் அப்புறம் எங்கள் கடைப்பக்கம் வரவில்லை. மச்சானைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் காலை நேரம்தான். ஒரே நிமிடத்தில் ஒருவர் உயிரைக் காப்பாற்றவும் செய்தார், அவர் கையை ஒடிக்கவும் பார்த்தார்.

மச்சான் என் அக்காவின் கணவர். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ரயில்வே கேட்டுக்குப் பின்னால் எங்கள் கடை. நான் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் எலக்ட்ரிகல் பிரிவில் ஒப்பந்தத்தில் இருந்தேன். ஒப்பந்தம் முடிந்ததும், “அவருகூடப் போயி ஒக்காரு. வேலையாச்சு, அவரப் பாத்துக்கறதுக்கு ஒரு ஆளுமாச்சு” என்று அக்காதான் என்னை அனுப்பினாள். அவரைப் பார்த்துக்கொள்ள எதற்கு ஆள் என்று நான் அப்போது கேட்கவில்லை. எங்கள் கடையில் எல்லா ரிப்பேரும் உண்டு என்றாலும், வெளியூரிலிருந்து மச்சானைத் தேடி வந்தவர்கள் வால்வு ஆம்ப்ளிஃபையர் வைத்திருந்தவர்கள்தாம். தேவாலயத்தில் கிட்டார் வாசிப்பவர்கள், பழைய இசைத்தட்டுகளைச் சேர்த்துவைத்துக் கேட்பவர்கள், புதுச்சேரி ஓட்டல்காரர்கள். கண்ணாடிக் குழாய்கள் ஆரஞ்சு நிறத்தில் கனியும் அந்தப் பெட்டிகளுக்கு உள்ளே நானூறு, ஐந்நூறு வோல்ட் ஓடும். சுவிட்சை அணைத்தாலும் கண்டன்சர்கள் அந்த மின்சாரத்தை விடாமல் பிடித்துவைத்திருக்கும். அதை வடியவைக்காமல், எங்கள் பேச்சில் சொன்னால் ‘இறக்காமல்’, கையை வைப்பது தற்கொலைக்குச் சமம்.

ஸ்குரூடிரைவரால் வெடிக்கவைப்பது முறையான வழியல்ல என்பது மச்சானுக்குத் தெரியும். அன்று கோபத்தில் செய்தார். வேலை நேரத்தில் அவர் செய்வது வேறு. தடித்த ரெசிஸ்டர் ஒன்றை ரப்பர் உறைக்குள் வைத்து, இரண்டு பக்கமும் ஒயர் இழுத்து, முனைகளில் கிளிப் மாட்டி வைத்திருந்தார். ஒரு கிளிப்பை இரும்புத் தட்டில் மாட்டுவார். இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவார். இரண்டு கையும் பெட்டிக்குள் இருந்தால் ஷாக் நெஞ்சைக் கடந்து போகும் என்பதற்காக அது. மறு கிளிப்பைக் கண்டன்சரில் வைத்துவிட்டு முப்பதுவரை எண்ணுவார். பிறகு மீட்டரால் அளந்து, முள் ஜீரோவில் நிற்பதைப் பார்ப்பார். அதற்குப் பிறகும் அந்த ஒயரைக் கழற்ற மாட்டார். இறக்கிய கண்டன்சரில் கொஞ்சம் கொஞ்சமாக மறுபடி வோல்ட் ஏறிக்கொள்ளும் என்பார். வீட்டில் தட்டை வீசி எறிகிற, சாலையில் ஹாரன் அடித்தவனை வண்டியிலிருந்து இழுத்து அறைகிற அதே கை, பெட்டிக்கு முன்னால் பூ தொடுப்பதுபோல நிதானமாக இருக்கும். ஆறு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பார்த்தேன். கோபத்தை அடக்கத் தெரியாதவர் இல்லை அவர். எங்கே அடக்கவேண்டும் என்று தேர்ந்தெடுத்தே அடக்கினார். இது எனக்குப் புரிய ரொம்ப நாளானது.

அக்கா ஒரு நர்சரி பள்ளியில் டீச்சர். கன்னத்தில் நீலம் கட்டியிருந்தால் பாத்ரூமில் வழுக்கியதென்பாள். கழுத்தில் நகக்கீறல் இருந்தால் பள்ளியில் பிள்ளை கீறியதென்பாள். நான் நம்பவில்லை. நம்பாததை வெளியே காட்டிக்கொள்ளவும் இல்லை. காலையில் அவர்கள் வீட்டுக்குப் போய்க் கடைச்சாவி வாங்குவேன், அக்கா கொடுக்கும் இட்லியைச் சாப்பிடுவேன், மச்சானோடு சேர்ந்து டீ குடிப்பேன். அவருடைய பேச்சுக்குச் சிரிக்கவும் செய்வேன். குமராட்சியில் அப்பா அம்மாவிடம், “எல்லாரும் நல்லா இருக்காங்க” என்று போனில் சொல்வேன். ஆறு வருடம் இதைச் செய்தேன்.

அன்றைக்கும் சாவி வாங்கத்தான் போனேன். மச்சான் குளித்துக்கொண்டிருந்தார். அக்கா சமையலறை வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தாள். இடது கை மடியில் கிடந்தது. மணிக்கட்டுக்குக் கீழே வீங்கிக் கறுத்து, விரல்கள் யாருடையவோ போலத் தடித்திருந்தன. அவளுடைய பத்து வயது மகள் யூனிஃபார்மில் நின்றுகொண்டு தானே தலையைச் சீவிக்கொண்டிருந்தாள். நான் எதுவும் கேட்குமுன் அவளே சொன்னாள்.

“அப்பா கதவுல வெச்சி நசுக்கிட்டாரு மாமா. அம்மா கைய எடுக்கறதுக்குள்ள ரெண்டாவது வாட்டியும் சாத்திட்டாரு.”

“நீ கம்முனு இரு” என்றாள் அக்கா. என்னைப் பார்த்து, “சாவி ஆணியில மாட்டியிருக்கு. நேரமாவுது, நீ போ” என்றாள். அவள் முகத்தில் வலிகூட இல்லை. வியர்வை மட்டும்தான். நான் சாவியை எடுத்தேன். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அந்தக் கதவைத் தட்டியிருக்கலாம். அக்காவைத் தூக்கி ஆட்டோவில் உட்காரவைத்திருக்கலாம். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனேன்.

மேசையில் சிதம்பரத்து டாக்டர் ஒருவரின் ஆம்ப்ளிஃபையர் கிடந்தது. அவர் ஓய்வுபெற்றவர். மதியம் முழுக்கப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பவர். அணைத்த பிறகு கண்டன்சரை மெதுவாக வடியவைக்கும் ரெசிஸ்டர் அதில் எரிந்துபோயிருந்தது. வால்வுகளையும் முந்தின நாளே கழற்றி வைத்துவிட்டோம். அதனால் உள்ளே ஏறும் மின்சாரம் தானாக இறங்க வழியே கிடையாது. நான் மின்சாரம் கொடுத்து அளந்தேன். ஐந்நூற்றுப் பத்து வோல்ட். சுவிட்சை அணைத்து ப்ளக்கைப் பிடுங்கினேன். இறக்குவதற்காகக் கிளிப் ஒயரைக் கையில் எடுத்தேன்.

மச்சான் அப்போது உள்ளே வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் விபூதி. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “உங்கக்கா காலங்காத்தால மூஞ்சத் தூக்கி வெச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கா. வரவர ஜாஸ்தியாப் போச்சு. நீ கொஞ்சம் சொல்லி வை மாப்ள” என்றார். சொல்லிவிட்டுச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஆம்ப்ளிஃபையரைத் தன் பக்கம் திருப்பினார்.

“எறக்கிட்டியா?”

ஒயர் என் கையில்தான் இருந்தது. அதைச் சத்தமில்லாமல் மேசைக்குக் கீழே இருந்த தட்டில் வைத்தேன். மறந்துபோய்ச் சொன்னதாக, குழப்பத்தில் வாய் தவறியதாக எனக்கு நானே பல வருடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். இல்லை. ஒயரைக் கீழே வைத்தது நன்றாக நினைவிருக்கிறது.

“எறக்கிட்டேன் மச்சான்.”

“எவ்ளோ காட்டுது?”

“ஜீரோ.”

யார் என்ன சொன்னாலும் தானே ஒருமுறை மீட்டர் வைத்துப் பார்ப்பது அவர் வழக்கம். பார்ப்பார், திட்டுவார், இரண்டு அறை அறைவார், அத்தோடு போகும் என்று ஒரு மனம் சொல்லியிருக்கலாம். மீட்டரை எடுக்க அவர் கையும் நீண்டது. அந்த நேரம் போன் அடித்தது. சிதம்பரத்து டாக்டர். இடது கையில் போனைக் காதில் வைத்து, அந்த முழங்கையை ஆம்ப்ளிஃபையரின் இரும்புத் தட்டில் ஊன்றிக்கொண்டு, “சாயங்காலம் ரெடியாயிடும் சார்” என்றபடி வலது கையை உள்ளே விட்டார்.

ஸ்குரூடிரைவர் வெடித்ததுபோலச் சத்தம் எதுவும் வரவில்லை. அவர் தொண்டையிலிருந்து மட்டும், மாடு இருமுவதுபோல ஒரு ஒலி. உடம்பு வில்லாக வளைந்து, நாற்காலியோடு பின்னால் போய் விழுந்தது. பின்னந்தலை இரும்பு அலமாரியின் விளிம்பில் மோதியது. கால்கள் இரண்டு முறை உதைத்து நின்றன. தீய்ந்த தோல் நாற்றம் வந்தது. தரையில் கிடந்த போனில் டாக்டர் “ஹலோ, ஹலோ” என்றார். நான் நின்றுகொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்பது எனக்குத் துல்லியமாகத் தெரியும். டாக்டர் நான்கு முறை ஹலோ சொன்னார். நான்கையும் நான் கேட்டேன். நான்காவதற்குப் பிறகுதான் என் கால் நகர்ந்தது.

கம்பெனியில் வருடத்துக்கு ஒருமுறை பாதுகாப்பு வகுப்பு எடுப்பார்கள். நெஞ்சை அழுத்தி மூச்சைத் திருப்புவதை அங்கே ஒரு பொம்மையில் செய்து பார்த்திருக்கிறேன். மச்சானின் மூக்கில் காற்று இல்லை. அவர் மேல் மண்டியிட்டு இரண்டு கையையும் கோத்து அழுத்தினேன். பத்தாவது அழுத்தலிலோ பதினைந்தாவதிலோ உள்ளங்கைக்குக் கீழே விலா எலும்பு முறிவது தெரிந்தது. சுள்ளி ஒடிவதுபோல. நிறுத்தாமல் அழுத்தினேன். அழுதேனா, திட்டினேனா தெரியாது. பக்கத்துக் கடைக்காரர் அப்புறம் சொன்னார், “செத்துடாத, செத்துடாத” என்று அவரைக் குத்திக்கொண்டிருந்தேனாம். பார்த்தவர்களுக்கு நான் அவரைக் கொல்வதுபோலத்தான் இருந்ததாம். ஆம்புலன்ஸ் வருமுன் அவர் வாயிலிருந்து ரத்தமும் எச்சிலும் கலந்து வழிந்தது. பிறகு ஒரு மூச்சு வந்தது.

ஆஸ்பத்திரியில் அவர் கண் விழித்ததும் என்ன நடந்தது என்று கேட்டார்கள். நான் கட்டில் பக்கத்தில்தான் நின்றேன். மச்சான் என் முகத்தையே பார்த்துக்கொண்டு, “என் தப்புதான். மீட்டர் வெக்காம கைய வெச்சிட்டேன்” என்றார். மன்னித்துச் சொன்னாரா, தன் மச்சினனே தன்னை ஏமாற்றினான் என்று ஊருக்குத் தெரியக்கூடாது என்று சொன்னாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. அவருக்கு உண்மை தெரியும் என்பது மட்டும் அந்தப் பார்வையில் தெரிந்தது.

அதே ஆஸ்பத்திரியில், இரண்டு வார்டு தள்ளி, செய்தி கேட்டு ஓடிவந்த அக்காவின் கைக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். அவள் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுவாள், அல்லது என் கையைப் பிடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். அவள் எழுந்து நின்று, நல்ல கையால் என்னை அறைந்தாள். இரண்டாம் முறையும் அறைந்தாள். நடைபாதையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஆறு வருசமா என் வூட்டு இட்லியத் தின்ன. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, அந்த ஆளு மூஞ்சப் பாத்து ‘ஏன் அடிக்கிற’ன்னு கேட்டியாடா? வாயத் தொறந்து கேக்க உனக்குத் துப்பில்ல. கரண்ட வெச்சிக் கேக்கறியா? செத்திருந்தா நான் இன்னா பண்ணுவேன்? என் பொண்ணுக்கு இன்னான்னு சொல்லுவேன், உங்கப்பன மாமா கொன்னுட்டான்னா?”

“எனக்காகப் பண்ணேன்னு மட்டும் சொல்லாத” என்றாள். மூன்றாம் நாள் மாவுக்கட்டுக் கையோடு, மகளைக் கூட்டிக்கொண்டு, மகளிர் காவல் நிலையத்துக்கு அவளே நடந்து போனாள். என்னைத் துணைக்குக் கூப்பிடவில்லை. கதவில் நசுக்கியதிலிருந்து கல்யாணமான முதல் மாதத்து அடிவரை எல்லாவற்றையும் எழுதிக்கொடுத்தாள். பிறகு வழக்கு, கோர்ட்டு, விவாகரத்து. அவள் பள்ளி வேலையை விடவில்லை. மகளோடு தனி வீடு பார்த்துக்கொண்டு போனாள்.

இரண்டு மாதம் கழித்து மச்சான் என் அறைக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வலது கையில் இரண்டு விரல்கள் வளைந்தபடியே இறுகிவிட்டிருந்தன. இடது கையில் ஒரு தேக்குக் கட்டை. கதவைத் திறந்ததும் முதல் அடி தோளில் விழுந்தது. “நீ எறக்கல” என்றார். “ஆமா மச்சான்” என்றேன். அடுத்த அடி காதோடு சேர்ந்து விழுந்தது. உள்ளே ஏதோ கிழிந்து, உலகம் ஒரு பக்கமாக அடைத்துக்கொண்டது. அந்தக் காது இன்றைக்கும் பாதிதான் கேட்கும். விழுந்த பிறகும் முதுகில் அடித்தார். நான் தடுக்கவில்லை. தடுக்காததில் ஒரு நிம்மதிகூட இருந்தது. அவருடைய இடது கை பழக்கமில்லாத கை. சீக்கிரம் ஓய்ந்துவிட்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார். நான் முறித்த விலா எலும்பு அவருக்கு இன்னும் வலித்தது. தண்ணீர் கேட்டார். காதில் ரத்தம் வழிய எழுந்து போய்க் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்தார். “நீ ஜீரோன்னு சொன்னப்ப உன் கொரல் நடுங்கல மாப்ள. அதான் நம்பிட்டேன்” என்றார். செம்பைப் படியில் வைத்துவிட்டுப் போனார். அதுதான் அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு.

கடையை மூடிவிட்டு அவர் சேத்தியாத்தோப்புக்குத் தன் அண்ணன் வீட்டோடு போய்விட்டார். அங்கே மிக்ஸி, ஃபேன் என்று சின்ன வேலைகளை இடது கையால் பார்த்ததாகக் கேள்விப்பட்டேன். நான் சிதம்பரத்துக்கு வந்து கீழவீதிப் பக்கம் ஒரு மாடியில் கடை போட்டேன். அந்த டாக்டரின் ஆம்ப்ளிஃபையரை நான்தான் சரிசெய்து கொடுத்தேன். முப்பதுவரை எண்ண வேண்டிய இடத்தில் முன்னூறுவரை எண்ணினேன். வேலை முடிந்து அவர் வீட்டில் கொண்டுபோய் வைத்தபோது, டாக்டர் பாட்டைப் போடவில்லை. “அன்னிக்கு போன்ல நான் கூப்பிட்டுட்டே இருந்தேன்” என்றார். “கேட்டுச்சு சார்” என்றேன்.

போன வருடம் மச்சான் இறந்துபோனார். நெஞ்சுவலி. அக்காவிடம் சொன்னபோது, “பொண்ணக் கூட்டிட்டுப் போய்ட்டு வா. நான் வரல” என்றாள். வெள்ளாற்றங்கரையில் எரித்தார்கள். வளைந்த அந்த இரண்டு விரல்களை நிமிர்த்தமுடியாமல் அப்படியே துணியால் சுற்றியிருந்தார்கள். நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் கொடுமைக்காரர். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் அடித்ததெல்லாம் நேருக்கு நேர். நான் அடித்த ஒரே அடி, முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லி அடித்தது. இதைச் சொல்வதால் அவர் நல்லவராகிவிட மாட்டார். நான் எப்படிப்பட்டவன் என்பதற்காகச் சொல்கிறேன்.

அக்கா மகள் கல்யாணமாகிப் பண்ருட்டி பக்கம் திருவதிகையில் இருந்தாள். மாப்பிள்ளைக்கு முந்திரி வியாபாரம். நல்ல பையன் என்றுதான் எல்லோரும் சொன்னோம். இந்த மாதம் ஒரு காலையில் எனக்கு ஒரு போட்டோ அனுப்பினாள். வேறொன்றும் எழுதவில்லை. அவள் முகத்தின் ஒரு பக்கம் வீங்கி, கண் மூடிக்கிடந்தது. நான் கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினேன். ஐம்பது நெருங்கும் ஆள், ஒரு காது சரியாகக் கேட்காதவன், வெறும் கையோடு போகிறேன். போய் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

மாப்பிள்ளைதான் கதவைத் திறந்தார். “வாங்க மாமா” என்றார். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“ஏன் அடிச்சீங்க?”

“உள்ள வாங்க மாமா, பேசிக்கலாம்.”

“இல்ல. ஏன் அடிச்சீங்கன்னு கேக்கறேன்.”

என் குரல் நடுங்கியது. அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. தெரு கேட்கட்டும் என்று உரக்கக் கேட்டேன். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. மாப்பிள்ளை முகம் மாறி, “எங்க வூட்டு விசயத்துல நீ யாருய்யா?” என்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார். படியில் விழுந்தேன். கண்ணாடி உடைந்து உதடு கிழிந்தது. எழுந்து அதே இடத்தில் நின்று, அதே கேள்வியை மறுபடி கேட்டேன். அவர் கையை ஓங்கினார். தெருவில் நாலு பேர் வந்து நிற்பதைப் பார்த்துக் கையை இறக்கிக்கொண்டார். அவருக்குப் பின்னாலிருந்து அக்கா மகள் ஒரு பையோடு வெளியே வந்தாள். அவரைப் பார்க்காமல் தாண்டி வந்து என் பக்கத்தில் நின்றாள். “போலாம் மாமா” என்றாள்.

கடலூர் வந்து சேர்ந்தபோது மூன்று மணி. அக்கா பள்ளியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். மகளின் முகத்தை முதலில் பார்த்தாள். அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். பிறகு என் உதட்டைப் பார்த்தாள்.

“இன்னாடா பண்ண?” என்றாள். அவள் கண்ணில் அந்தப் பழைய பயம் இருந்தது.

“ஒண்ணும் பண்ணலக்கா. ஏன் அடிச்சீங்கன்னு கேட்டேன்.”

அக்கா கிட்டே வந்தாள். முந்தானையால் என் உதட்டிலிருந்த ரத்தத்தை அழுத்தித் துடைத்தாள். வலித்தது. “ரெண்டு பேரும் கையக் கழுவிட்டு வாங்க. சாப்புட்டுட்டு போலீஸ் ஸ்டேசனுக்குப் போலாம்” என்றாள். என் பக்கம் திரும்பி, “இந்த வாட்டி நீயும் வா” என்றாள்.